சோபாவுக்குள் நாலு மணி

“வண்டியை எடு! எடுண்ணே! எடு!”

கடைக்குள்ளிருந்து பாய்ந்து வந்த தங்கை ஆணி இழுத்த இழுப்பில், வேன் கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அதை உள்ளே வீசி எறிந்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கைவிட்டுக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் அலறிப் புடைத்து எழுந்தான்.

“யாருக்கு என்ன? அப்பாவுக்கா?”

அவள் உள்ளங்கையில் துப்பினாள். பதினோரு சின்ன ஆணிகள். வாய் நிறைய ஆணியை அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, சுத்தியலால் ‘டக் டக்’கென்று அடிப்பது அவள் பழக்கம். தெருவே அவளை ஆணி என்று கூப்பிடுவது அதனால்தான். சோபா, நாற்காலி, மெத்தை என்று உட்காரவும் சாயவும் உள்ள எதற்கும் துணி மாற்றி, பஞ்சு மாற்றி உயிர் கொடுக்கும் கடை அவளுடையது. வேன் ஓட்டுவதும் சாமான் இறக்குவதும் அண்ணன் வேலை.

“பாட்டுப் பிளேயர் சோபாவுக்குள்ள மாட்டிக்கிச்சு!”

“எந்த சோபா?”

“இன்னிக்கு எத்தனை சோபா இறக்கினோம்?”

அண்ணனுக்குத் தூக்கம் முழுசாகப் போய்விட்டது. இறக்கியது ஒன்றே ஒன்று. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, நாடகக் கொட்டகையில், மேடையின் நட்டநடுவே.

“அதுக்கா இந்த ஓட்டம்? நாளைக்குப் போய் எடுத்துக்கலாம்.”

“நாலு மணிக்கு அலாரம் வச்சிருக்குண்ணே. தினமும் நீ டீக்குப் போன நேரத்துல அடிக்கும். இன்னிக்கும் அடிக்கும்.”

வேனின் கடிகாரம் மூன்று முப்பத்தொன்று காட்டியது. அண்ணன் சாவியைத் திருகினான். கிளப்பிய வேகத்தில் பின்னால் கிடந்த இரண்டு பஞ்சு உருளைகள் உருண்டு சாலையில் விழுந்தன. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

காரணம் ‘ஸ்ஸ்’ மேடம்.

நாடகக் கொட்டகையை நடத்துகிற இயக்குநர் அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் அது. ஒத்திகையில் எவராவது மூச்சுவிட்டால்கூட உதட்டில் விரல் வைத்து ‘ஸ்ஸ்’ என்பார். கொட்டகையில் முந்நூற்று நாற்பது இருக்கைகள், அத்தனையும் கிழிந்து பஞ்சு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு இரண்டு கடைகள் போட்டி போட்டன. ஒன்று ஆணியின் கடை. மற்றது நேர் எதிரில், எதற்கும் ஸ்பிரிங் வைத்தே செய்வதால் ஸ்பிரிங் என்றே பெயர் வாங்கியவனின் கடை.

“ஆளுக்கொரு சாமான் செஞ்சு குடுங்க” என்று சொல்லியிருந்தார் ‘ஸ்ஸ்’ மேடம். “புது நாடகத்துக்கு ஒரு சோபா, ஒரு கை நாற்காலி. கடைசிக் காட்சியில ரெண்டு நிமிஷம் மௌனம். புருஷனைப் பறிகொடுத்தவ அந்த சோபாவுல தனியா உட்கார்ந்து, அவன் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறா. வசனமே கிடையாது. அந்த ரெண்டு நிமிஷத்துல எந்த சாமான் முனகுதோ, அதைச் செஞ்ச ஆளுக்கு என் கொட்டகையில வேலை கிடையாது.”

ஆணி சோபாவை எடுத்துக்கொண்டாள். ஸ்பிரிங் கை நாற்காலியை எடுத்துக்கொண்டான். இன்று மூன்று மணிக்கு முதல் ஆட்டம்.

“எப்படிப் போச்சு அது உள்ள?” என்று கேட்டான் அண்ணன், ஒரு சைக்கிள்காரரை மயிரிழையில் ஒதுக்கியபடி.

“பசை தடவினா பதினஞ்சு நிமிஷம் ஆற விடணும். முன்னாடியே ஒட்டினா வழுக்கும், ரொம்ப விட்டா பிடிக்காது. அதுக்குத்தான் பிளேயர்ல டைமர் வைப்பேன்னு உனக்கே தெரியும். காலையில சோபாவுக்கு அடியில படுத்து வேலை செஞ்சேன். காதுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு பிளேயரை இருக்கையைத் தாங்குற உள்பட்டையில கிளிப் போட்டு மாட்டினேன். டைமர் அடிச்சுது, அமத்தினேன், ஒட்டினேன். அந்த ஜோரிலயே அடித்துணியை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிச்சு மூடிட்டேன்.”

“சபாஷ்! வயித்துக்குள்ள கத்தரிக்கோலை வச்சுத் தைச்ச டாக்டர் மாதிரி. எப்ப தெரிஞ்சுது?”

“இப்பத்தான். அடுத்த நாற்காலிக்குப் பசை தடவிட்டு டைமர் வைக்கலாம்னு சட்டைப் பையில கைவிட்டேன். பை காலி. எனக்கு நெஞ்சும் காலி.”

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளேயர் அது. ஒரு பக்கம் கிளிப், ஒரு பக்கம் விரல்நுனி அளவு ஸ்பீக்கர். பாட்டுக் கேட்க வாங்கியதுதான். வாங்கிய ஒரு மாதத்தில் பாட்டு ஒதுங்கி, கடிகாரமும் டைமரும் அலாரமும்தான் கடையை நடத்தின. பசை அப்பிய கையோடு போனைத் தொட்டால் போன் கெடும், இது கெடாது. தண்ணீர், தூசி, சுத்தியல் அடி எல்லாவற்றையும் தாங்கியிருக்கிறது.

“சத்தம் எவ்வளவு வச்சிருக்க?”

“முழுசா.”

“ஏன்?”

“காத்தடிக்கிற மிஷின் ஓடுறப்ப கேக்க வேணாமா?”

“விளங்கிடும்! போன் போட்டு அந்தம்மாகிட்ட சொல்லிடேன்.”

“நாடகம்னா வாசல்லயே எல்லார் போனையும் வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டிடுமே. தன் போனையும் சேர்த்து.”

அண்ணன் ஹாரனை அமுக்கினான். “சரி, நாலு மணிக்கு அடிச்சா என்ன? மௌனக் காட்சிக்கு முன்னாடியே அடிச்சுட்டு ஓஞ்சிடாதா?”

“இல்லண்ணே. பேட்டரி மாத்தினப்ப மணி அழிஞ்சு போச்சு. அப்பாவோட கைக்கடிகாரத்தைப் பாத்து திருப்பி வச்சேன். அது நாலு நிமிஷம் பின்னாடி. ஆக, நெசத்துல நாலு நாலுக்கு அடிக்கும்.”

“மௌனக் காட்சி எத்தனை மணிக்கு?”

“நாலு மூணுக்கு.”

அண்ணனின் பதிலை ஆக்ஸிலேட்டர் சொன்னது.

“அது மட்டுமில்ல. யாரும் அமத்தலைன்னா ஒரு நிமிஷத்துல தானா நிக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திரும்ப அடிக்கும். மூணு தடவை.”

“மூணு தடவையா! செத்தவனை எழுப்பவா அலாரம் வச்ச? ஆமா, என்ன பாட்டு அது? மெல்லிசான பாட்டா இருந்தா, ஒருவேளை நாடகத்துலயே போடுறாங்கன்னு ஜனங்க நெனைச்சுக்கும்.”

“பாட்டு இல்ல.”

“பின்ன?”

“நீ ரோட்டைப் பாரு.”

“மணியோசையா?”

“ரோட்டைப் பாருண்ணே!”

அவள் முகம் சிவந்ததை அவன் கவனிக்கவில்லை. அவன் கவலை வேறு. “அந்த ஸ்பிரிங் பயலும் அங்கதான் இருப்பான். அவன் கண்ணெதிர்லயா நம்ம மானம் கப்பலேறணும்?”

அண்ணனுக்கும் ஸ்பிரிங்குக்கும் மூன்று வருடப் பகை. அண்ணன் வேனைப் பின்னால் எடுத்தபோது ஸ்பிரிங் கடைப் பலகை இரண்டாகப் பிளந்தது. “கண்ணைப் பின்மண்டையில வச்சுக்கிட்டுப் பொறந்திருந்தா சௌகரியமா இருந்திருக்கும்” என்று தெருவே சிரிக்கச் சொல்லிவிட்டான் ஸ்பிரிங். அன்றே அண்ணன் சபதம் போட்டான்: அவன் டீ குடிக்கிற கடையில் டீ இல்லை, அவன் முடிவெட்டுகிற கடையில் முடிவெட்டு இல்லை. இதனால், வீட்டில் அண்ணி எவ்வளவு கேலி செய்தாலும், அண்ணன் மூன்று மைல் போய் முடிவெட்டி வருகிறான்.

ஆணிக்கும் ஸ்பிரிங்குக்கும் அதைவிட மோசம். இரண்டு கடை வாசலிலும் நின்று நாள் தவறாமல் வாய்ச்சண்டை. “பழைய பஞ்சை அடைச்சுப் புதுசுன்னு விக்கிறவங்களுக்கு என்ன தெரியும்?” என்று அவன் தொடங்குவான். “கம்பியை அடைச்சு ஜனங்க முதுகைக் குத்துற ஆளுக்கு என்ன தெரியும்?” என்று இவள் முடிப்பாள். தெருவுக்கு அது இலவச நாடகம்.

*

கொட்டகைக்கு இரண்டு தெரு முன்னால் வழி அடைபட்டது. ஒரு லாரியிலிருந்து ஆள் உயரக் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர், ஒரு கண்ணாடி. அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். அண்ணன் ஹாரனில் கை வைத்தான்.

“அடிக்காத! பயந்து கீழ போட்டுட்டா சாயங்காலம் வரைக்கும் பொறுக்கிட்டிருப்பாங்க.”

நாலாவது கண்ணாடி இறங்கும்வரை பொறுத்தாள். அஞ்சாவதுக்கு அவளே குதித்துப் போய் ஒரு மூலையைப் பிடித்தாள். “தூக்குங்க மாமா, நானும் புடிக்கிறேன். சீக்கிரம், புண்ணியமாப் போகும்.” பதறிப்போன கண்ணாடிக்காரர் வழிவிட்டுவிட்டார்.

கடைசிக் காட்சிக்கு முந்தின இடைவேளையிலேயே சோபாவைப் புரட்டி எடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு. கொட்டகையின் பின்கதவில் போய் நின்றபோது மணி மூன்று ஐம்பத்தேழு. உள்ளே கைதட்டல் கேட்டது. இடைவேளை முடிந்து திரை மேலே போய்விட்டது.

கதவைத் திறந்தவர் திரை இழுக்கும் பெரியவர். மத்தியானம் சோபாவுக்கு ஒரு கை கொடுத்த மனிதர். ஆணி காதோடு இரண்டே வரியில் சொன்னாள். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு, சத்தமில்லாமல், வழிவிட்டார்.

மேடையின் பின்புறம் அரை இருட்டு. எதிர்ப்பக்க ஓரத்தில் ‘ஸ்ஸ்’ மேடம், கையில் சின்ன டார்ச்சும் நாடகப் புத்தகமுமாக, மேடையையே பார்த்து நின்றார். நடுவில் பலகையால் செய்த வீட்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சமும் வசனமும். சுவரை ஒட்டி, இந்தப் பக்கம், கவிழ்த்த பெட்டியின்மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

ஸ்பிரிங்.

“இவன் இங்க என்ன பண்றான்?” என்று பல்லைக் கடித்தான் அண்ணன்.

“நாற்காலி கால் ஆடினா சரி பண்ணக் கூப்பிட்டிருப்பாங்க. நீ வாயை மூடு.”

ஆணி தன் மணிக்கட்டைத் தொட்டாள். சோபா இருந்த திசையைக் காட்டினாள். நான்கு விரலை விரித்தாள். காதருகே விரல்களைப் படபடவென்று ஆட்டினாள்.

ஸ்பிரிங்கின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“பாரு, சந்தோஷத்துல மூச்சடைச்சு நிக்கிறான்” என்றான் அண்ணன்.

அவள் தரையில் குப்புறப் படுத்தாள். பலகைச் சுவர் கட்டைகளின்மேல் நின்றதால் அடியில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதற்கு அப்பால் சோபாவின் பின்கால்கள். கையை நீட்டினால் அடித்துணி எட்டும். இடுப்பிலிருந்து குறடை உருவினாள்.

முதல் பின்.

பின்னை எப்படி அடிப்பது என்பதில் ஆணிக்குத் தலைக்கனம் உண்டு. மற்றவர்கள் நான்கு விரல் இடைவெளி விட்டு அடிப்பார்கள். அவள் ஒரு விரல்தான் விடுவாள். சோபா மண்ணோடு மண்ணானாலும் துணி பிரியாது என்பாள். இப்போது அந்தத் தலைக்கனத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டியிருந்தது.

மேடையில் டாக்டர் வேடக்காரர் வெண்கலக் குரலில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ‘அம்மா!’ என்று முழங்கும்போதெல்லாம் ஒரு பின்னைப் பிடுங்கினாள். ‘காலம் எல்லாத்தையும் ஆத்தும்மா!’ இரண்டு பின். ‘நான் வரட்டுமாம்மா?’ ஒரு பின். நல்ல மனிதர் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம். காலடிகள் நகர்ந்தன. கதவு சாத்தியது.

மௌனம் ஆரம்பமாகிவிட்டது.

சோபாவின்மேல் நடிகை உட்கார்ந்தாள். ஆணியின் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் உள்பட்டைகள் மெல்லத் தாழ்ந்தன. முனகவில்லை. அந்த நிலைமையிலும் அவளுக்குப் பெருமை பொங்கியது. ஒரு சின்ன கிரீச்சு? ம்ஹூம்.

குறடு இனி ஆகாது, சத்தம் கேட்கும். தவித்துத் திரும்பியபோது பக்கத்தில் யாரோ படுத்தார்கள். ஸ்பிரிங். அவன் கையில் மெல்லிய தட்டை ஸ்குரூடிரைவர். நுனியில் துணி சுற்றியிருந்தான்.

“டேய், எங்க தங்கச்சி வேலையில நீ ஏண்டா...” என்று குனிந்து கிசுகிசுத்தான் அண்ணன்.

“நெம்பினா சத்தம் வராது” என்றான் ஸ்பிரிங், அவனைப் பார்க்காமலே. “அந்தப் பக்கம் போய் யாரும் வராம பாத்துக்குங்க. உதவின்னு நெனைச்சா கசக்கும்னா, போட்டின்னே நெனைச்சுக்குங்க.”

அண்ணன் முறைத்துக்கொண்டே போய், சுவரின் கோடியில் திரை இழுப்பவரோடு காவல் நின்றான்.

ஏழாவது பின். எட்டாவது. துணி ஒரு கையளவு பிளந்தது. ஆணி உள்ளே கைவிட்டாள். பஞ்சு. பட்டை. இன்னொரு பட்டை. விரல்நுனியில் சில்லென்று பிளாஸ்டிக்.

கிடைத்துவிட்டது! அமத்தும் பொத்தானைக் கட்டை விரலால் அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொருமுறை அழுத்தினாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் டைமரை அமத்திய கையோடு, பொத்தான் தானாக அமுங்காமல் இருக்கட்டும் என்று பக்கத்துப் பூட்டைத் தள்ளி வைத்திருந்தாள். பூட்டு விழுந்தால் பொத்தான் எதுவும் வேலை செய்யாது. பூட்டு இருந்த பக்கமோ, நடிகையின் பாரத்தில் தாழ்ந்த பட்டைக்குள் இறுக்கமாகச் சிக்கியிருந்தது.

“பூட்டு போட்டிருக்கியா?” ஸ்பிரிங் மூச்சால் கேட்டான். “கிளிப்பை முதல்ல கழட்டு... கழட்டுங்க.”

அவள் கிளிப்பை இழுத்தாள். பிளேயர் அவள் கைக்குள் ஒருமுறை துடித்தது.

நாலு மணி நாலு நிமிடம்.

சோபாவுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் பேசியது.

“ஏய்... மணி நாலு.”

கொட்டகை முழுவதும் மூச்சை இழுத்துக்கொண்டது. பஞ்சுக்கும் துணிக்கும் உள்ளிருந்து வந்ததால், பக்கத்து அறையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல, தாழ்ந்து, கனிந்து வந்தது குரல்.

“ஊசியை வை. வைன்னு சொன்னேன். முதுகை நிமிர்த்து.”

ஆணி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஸ்பிரிங் நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டான். முந்நூற்று நாற்பது கிழிந்த இருக்கைகளும் ஓடிவந்து தன் மேல் விழுந்து அமுக்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

“வாயில இருக்கிறதையெல்லாம் துப்பு. எண்ணிப் பாரு. ஒண்ணு குறைஞ்சா முழுங்கிட்டன்னு அர்த்தம்.”

முதல் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு இரண்டாவது வரிசைக்குத் தொற்றியது. சுவருக்கு அடியில் தெரிந்த இடுக்கு வழியாக ஆணிக்கு நடிகையின் கால்கள் மட்டும் தெரிந்தன. முப்பது வருட அனுபவம் அந்தக் கால்களுக்கு; அவை பதறவில்லை. மெல்லத் திரும்பின. சோபாவின் காலியான பாதியைப் பார்த்துத் திரும்பின.

“தண்ணி குடி.”

மேசையில் வைத்திருந்த டம்ளரை எடுக்கும் ஓசை கேட்டது.

“குடிச்சியா? பொய் சொல்லாத. நெசமாக் குடி.”

நடிகை குடித்தாள். மிடறு மிடறாகக் குடிக்கும் ஓசை கடைசி வரிசைக்கே கேட்டிருக்கும். பிறகு அவள் சிரித்தாள். நாடகத்தில் இல்லாத சிரிப்பு. சிரிப்பின் பாதியில் அது அழுகையாகி, அழுகையின் பாதியில் மறுபடி சிரிப்பானது.

“குடிச்சாச்சா? சரி. இப்ப வந்து என்னைத் திட்டு.”

அவ்வளவுதான். குரல் நின்றது.

மறு நொடி கொட்டகையே இடிந்துவிட்டதோ என்று ஆணி தலையைக் கையால் மூடிக்கொண்டாள். இடியில்லை. கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். விசில் வேறு. திரை இழுப்பவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் கயிறு இழுத்தார்.

அந்த ஆரவாரத்தில் இனி சத்தத்துக்கு என்ன பயம்? ஆணி ஒரே இழுப்பில் பிளேயரை, கிளிப், கிழிந்த பட்டை நூல் எல்லாவற்றோடும் பிய்த்து எடுத்தாள். அண்ணன் ஓடிவந்து அதைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். “பாட்டு இல்லன்னியே, இதுதானா அது! ஏதோ நாடக வசனத்தையா வச்சிருந்த? நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம பக்கம் அதிர்ஷ்டம் இருக்கு!”

ஆணி எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

‘ஸ்ஸ்’ மேடம் வந்துகொண்டிருந்தார்.

நடை வேகமாக இருந்தது. டார்ச் வெளிச்சம் மூவர் முகத்திலும் மாறி மாறி அடித்தது. பிய்ந்து தொங்கும் அடித்துணியைப் பார்த்தார். தரையில் சிதறிய எட்டுப் பின்களைப் பார்த்தார். பின்னால் நடிகை, இன்னும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்.

“யார் வேலை இது?”

“என் வேலைதான் மேடம்” என்றாள் ஆணி. “பிளேயரை உள்ள வச்சுத் தைச்சுட்டேன். தப்பு என் மேலதான். இருக்கை வேலையை எதிர்க்கடைக்கே குடுத்துடுங்க. அவர் நாற்காலி வாயே திறக்கல.”

“நான் கேட்டது அதில்ல” என்றார் ‘ஸ்ஸ்’ மேடம். குரல் கரகரத்தது. “மூணு மாசமா ஒத்திகை பாக்கிறேன். அந்த ரெண்டு நிமிஷத்துக்கு என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். விளக்கைக் குறைச்சேன், கூட்டினேன். ஒரு ஆளுக்கும் கண்ணு கலங்கல. இன்னிக்கு எனக்கே...” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “செத்துப் போனவன் வந்து சோகமாப் பேசுவான்னு எழுத எவனுக்கும் தெரியும். தண்ணி குடின்னு சொல்லுவான்னு எனக்குத் தோணலையே! நாளையிலேர்ந்து தினமும் வேணும் இது. நாலு நாலுக்கு. ஒரு நொடி பிசகக் கூடாது.”

“அலாரம்தானே மேடம், பிசகாது” என்று முந்திக்கொண்டான் அண்ணன். “அப்ப, இருக்கை வேலை...?”

“சோபாவும் முனகல, நாற்காலியும் முனகல. முந்நூத்தி நாப்பது இருக்கைக்கு ஒரு கடை பத்தாது. பஞ்சு இவங்க, ஸ்பிரிங் அவர். ரெண்டு கடையும் சேர்ந்து செய்யுங்க.”

ஆணி அண்ணனைக் கட்டிக்கொண்டு குதித்திருப்பாள். ஆனால் அண்ணன் தோளை விறைத்துக்கொண்டான்.

“மேடம், அது மட்டும் நடக்காது. பஞ்சும் நெருப்பும் ஒரு கூரையிலயா? இந்த ஆளும் என் தங்கச்சியும் ஒரு நாள்கூட...”

அவன் சட்டைப் பை பேசியது.

“ஏய்... மணி நாலு.”

ஐந்து நிமிடம் ஆகிவிட்டிருந்தது. யாரும் அமத்தவில்லை அல்லவா? பிளேயர் தன் கடமையைச் செய்தது. இம்முறை இடையில் பஞ்சு இல்லை, துணி இல்லை. நெஞ்சுக்கு நேராக, முழுச் சத்தத்தில், துல்லியமாக.

“ஊசியை வை. வைன்னு சொன்னேன்...”

அண்ணனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மெதுவாகக் கழுத்தைத் திருப்பி ஸ்பிரிங்கைப் பார்த்தான். ஸ்பிரிங் பலகைச் சுவரின் வர்ணத்தை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தான்.

“...குடிச்சாச்சா? சரி. இப்ப வந்து என்னைத் திட்டு.”

“டேய்!” என்று கர்ஜித்தான் அண்ணன்.

“ஸ்ஸ்!” என்றார் ‘ஸ்ஸ்’ மேடம். “வெளியில ஜனங்க இன்னும் போகல.”

ஆகவே அண்ணன் தன் வாழ்நாள் கோபம் அத்தனையையும் கிசுகிசுப்பாகவே பொழிய வேண்டியதாயிற்று.

“எத்தனை நாளா நடக்குது இது?”

“ஒன்பது மாசம்” என்றாள் ஆணி.

“பேச்சா?”

“பேசத் தொடங்கி ரெண்டு வருஷம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுத்தான் ஒன்பது மாசம்.”

“கல்யாணமா! அப்ப தினமும் வாசல்ல நின்னு போட்ட சண்டை?”

“அது நெசச் சண்டைங்க” என்றான் ஸ்பிரிங். “பஞ்சு விஷயத்துல இப்பவும் நான் ஒத்துக்கல. நாலு மணியானா இவ வேலையை விட்டு எழுந்து, தண்ணி குடிச்சிட்டு, வாசலுக்கு வந்து என்னைத் திட்டணும். அப்பத்தான் அஞ்சு நிமிஷம் பாக்க முடியும். இல்லன்னா இந்த மச்சான் வேனை எடுத்துட்டு எப்பப் போவார்னு காத்துக் கெடக்கணும்.”

“மச்சானா? யாருக்குடா மச்சான்?” அண்ணனின் கிசுகிசுப்பு உடைந்து கீச்சென்றது. கோபமாகத்தான் இருக்க முயன்றான். ஆனால் உதட்டோரம் அவன் பேச்சைக் கேட்காமல் இழுபட ஆரம்பித்திருந்தது. “சபதம் போட்டு மூணு வருஷமா மூணு மைல் போய் முடிவெட்டிட்டு வரேனேடா நான்! வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்? அப்பா உயிரோட விட்டு வைப்பாரா?”

ஆணி அவன் பையிலிருந்து பிளேயரை எடுத்தாள். பூட்டை நீக்கி, அலாரத்தை அமத்தினாள்.

“அப்பாதாண்ணே முதல் சாட்சி. கையெழுத்தை அடிச்சு அடிச்சு மூணு தடவை போட்டார்.”

அண்ணன் கவிழ்த்த பெட்டியின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு சந்தேகம் வந்து நிமிர்ந்தான்.

“முதல் சாட்சின்னா, ரெண்டாவது ஒண்ணு இருக்கணுமே. அது யாரு?”

ஆணி ஸ்பிரிங்கைப் பார்த்தாள். ஸ்பிரிங் ஆணியைப் பார்த்தான். சொல்வது யார் என்று கண்ணாலேயே ஒரு சண்டை நடந்து, ஆணி தோற்றாள்.

“அண்ணி.”